கீனாய் ஆற்றில் சால்மனும் ட்ரவுட்டும்: கைடு அமர்த்துவது முதல் மீனைப் பெட்டியில் அடைப்பது வரை

அலாஸ்காவின் கீனாய் ஆறு பால் கலந்த நீலப்பச்சை நிறத்தில் ஓடும். மலைமேல் இருக்கும் பனியாறுகள் நகரும்போது அடியில் உள்ள பாறையை அரைத்து மாவாக்குகின்றன. அந்த மாவு அவ்வளவு நுண்ணியது என்பதால் அடியில் படியாமல் தண்ணீரிலேயே மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பார்க்கிறவருக்கு அது அழகு, தூண்டில் போடுகிறவருக்கு அது ஒரு திரை. தெளிந்த ஓடையில் மீனைக் கண்ணால் பார்த்து அதன் முன்னால் தூண்டிலை இறக்கலாம். இங்கே பல இடங்களில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மேற்பரப்பில் தெரியும் மடிப்பு, சுழி, ஓட்டம் வேகம் மாறுகிற விளிம்பு, இவற்றை வைத்துத்தான் மீன் எங்கே நிற்கிறது என்று கணிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆற்றில் துடுப்புப் போட்டவருக்கே அந்தக் கணிப்பு வரும். கைடுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். படகும் தூண்டில் கோலும் அதற்கு அப்புறம்.

கூப்பர் லேண்டிங் என்ற சிற்றூரில் கீனாய் ஏரியிலிருந்து புறப்படும் ஆறு, சுமார் 132 கிலோமீட்டர் ஓடி கீனாய் நகரத்தருகே குக் இன்லெட் கடற்கழியில் கலக்கிறது. வழியில் ஸ்கிலாக் என்ற பெரிய ஏரிக்குள் புகுந்து வெளிவருகிறது. இந்த இரண்டு ஏரிகளும்தான் ஆற்றைக் காப்பாற்றுகின்றன. கனமான வண்டல் ஏரியில் தங்கிவிட, நுண்மாவு மட்டும் கீழே வருகிறது. இந்த ஏரிகள் இல்லாவிட்டால் ஆறு சாம்பல் நிறச் சேறாகத்தான் ஓடியிருக்கும்.

முதல் படி: மீனை முடிவு செய்யுங்கள், தேதி அதன் பின்னால் வரும்

விடுமுறைத் தேதியை முதலில் பூட்டிவிட்டு, அப்புறம் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்பவர்கள் அதிகம். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இந்த ஆற்றில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பருவம் உண்டு, இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் ஆறு வேறு ஆறாகிவிடும்.

சாக்கை சால்மன் இரண்டு அலையாக வரும். உள்ளூரில் அதை 'ரெட்' என்பார்கள். முதல் அலை ஜூன் மாதம் ரஷ்யன் ஆறு என்ற தெளிந்த கிளையாற்றை நோக்கிப் போகும். அங்கும் அதை ஒட்டிய மேல் கீனாயிலும் ஜூன் 11 அன்று பருவம் திறக்கிறது. இரண்டாம் அலை மிகப் பெரியது. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரங்கள் வரை லட்சக்கணக்கான மீன்கள் ஏறும். முதல் தடவை போகிறவர், சாப்பிடுவதற்கு மீன் கொண்டுவர வேண்டும் என்று நினைப்பவர், குழந்தைகளோடு போகிறவர் எல்லோருக்கும் நான் சொல்வது ஜூலை மூன்றாம், நான்காம் வாரம்.

கோஹோ சால்மனுக்கு ஆகஸ்டும் செப்டம்பரும். இதற்கு உள்ளூர்ப் பெயர் 'சில்வர்'. சாக்கையைப் போலல்லாமல் இது தூண்டிலை ஆவேசமாகக் கவ்வும், தண்ணீருக்கு மேல் எகிறிக் குதிக்கும். பிங்க் சால்மன் இரட்டைப்படை ஆண்டுகளில் ஆகஸ்டில் கூட்டம் கூட்டமாக வரும். மற்ற ஆண்டுகளில் அதிகம் பார்க்க முடியாது.

ரெயின்போ ட்ரவுட் ஆற்றிலேயே வாழ்கிற மீன். அதனோடு டாலி வார்டன் என்ற மீனும் உண்டு, உடம்பெல்லாம் இளஞ்சிவப்புப் புள்ளி. ஸ்கிலாக்குக்கு மேலே உள்ள ஆற்றில் ரெயின்போ முட்டையிடும் காலமான மே 2 முதல் ஜூன் 10 வரை மீன்பிடிப்பு மூடப்படும். திறந்தபின் எப்போதும் பிடிக்கலாம் என்றாலும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் உச்சம். சால்மன்கள் முட்டையிடத் தொடங்கியதும் ட்ரவுட்கள் பின்னாலேயே நின்று, உருண்டு வரும் சினையைத் தின்று கொழுக்கும். முட்டையிட்ட சால்மன் செத்து அழுகும்போது பிய்ந்து வரும் சதையைத் தின்னும். மலைச்சரிவெல்லாம் மஞ்சளாக இருக்கும் செப்டம்பரில், கூட்டம் குறைந்த ஆற்றில், 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள ட்ரவுட் கிடைப்பது இங்கே அதிசயமல்ல. எனக்கு ஒரே ஒரு பயணம்தான் வாய்க்கும் என்றால் செப்டம்பரைத்தான் எடுப்பேன்.

கிங் சால்மனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூண்டிலில் பிடிபட்ட கிங் சால்மன்களில் உலகச் சாதனை இந்த ஆற்றுக்குத்தான் சொந்தம். 1985 மே 17 அன்று லெஸ் ஆண்டர்சன் பிடித்த மீன் 97 பவுண்டு 4 அவுன்ஸ், கிட்டத்தட்ட 44 கிலோ. அந்தப் புகழை நம்பி இன்று போகாதீர்கள். கீனாய் கிங்குகளின் எண்ணிக்கை வருத்தப்படும்படி சரிந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் முழுப் பருவமும் மூடப்பட்டிருக்கிறது. கிங் பிடித்துத் தருவேன் என்று யாராவது கீனாய்ப் பயணம் விற்றால், அலாஸ்கா மாநிலத்தின் மீன் மற்றும் வேட்டைத் துறை வெளியிடும் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் கிங் மாட்டினால், தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலே முள்ளைக் கழற்றி விட வேண்டும். இது சட்டம். மீண்டு வரப் போராடும் ஒரு மீனுக்கு நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த உதவியும் அதுதான்.

இரண்டாம் படி: ஆற்றின் எந்தப் பகுதி

கீனாய் ஏரிக்கும் ஸ்கிலாக் ஏரிக்கும் நடுவில் உள்ள மேல் கீனாய், ட்ரவுட்டுக்குப் பேர்போனது. மோட்டார் சத்தம் கிடையாது. நீரோட்டத்தோடு இறங்கி வரும் துடுப்புப் படகும், ராஃப்ட் எனப்படும் காற்றடைத்த படகும்தான். இரை கட்டக்கூடாது, ஒற்றை முள் கொண்ட செயற்கைத் தூண்டில் மட்டும். பாதி நாள் பயணம் வழக்கமாக ஜிம்ஸ் லேண்டிங் என்ற துறையோடு முடியும். முழு நாள் பயணம் அதைத் தாண்டி, பாறைகளுக்கு இடையே ஆறு சீறி ஓடும் கணவாய் வழியாக ஸ்கிலாக் ஏரிக்குள் இறங்கும். கணவாய்ப் பகுதி மனிதச் சந்தடியே இல்லாதது. ஆனால் அதன் முடிவில் ஏரியைக் கடக்க வேண்டும். ஸ்கிலாக்கில் காற்று சொல்லாமல் கொள்ளாமல் எழும். கைடு இன்று கணவாய் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

ஸ்கிலாக்கிலிருந்து சோல்டாட்னா ஊர்ப் பாலம் வரை நடு கீனாய். ஆறு அகன்று விரிகிறது, மோட்டார் படகு ஓடும். பெரிய ட்ரவுட்டும் உண்டு, இரண்டாம் அலை சாக்கையும் உண்டு. பாலத்துக்குக் கீழே கடல் வரை கீழ் கீனாய். கடலை ஒட்டிய அதன் கடைசிப் பகுதியை அலை ஏற்ற இறக்கம் தொடும். சாக்கைக்கும் கோஹோவுக்கும் நல்லது. இங்கே மோட்டார் 50 குதிரைத்திறனைத் தாண்டக்கூடாது. ஆற்றின் முகத்துவாரத்தில் ஜூலையில் பெரிய வளையமுள்ள கைவலைகளோடு ஆயிரக்கணக்கானோர் நிற்பதைக் காண்பீர்கள். அது அலாஸ்காவில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமான உரிமை. வெளியூர்க்காரர் அந்த வலையைத் தொட்டு உதவக்கூடக் கூடாது.

ஆங்கரேஜிலிருந்து கூப்பர் லேண்டிங் சுமார் 160 கிலோமீட்டர், சோல்டாட்னா 240. ஒரே சாலை. ஜூலை வெள்ளிக்கிழமை மாலையில் அந்தச் சாலை நெரிசலால் திணறும், ஆகவே வியாழனே போய்விடுங்கள்.

மூன்றாம் படி: கைடைத் தேர்ந்தெடுத்தல்

கீனாயில் கைடாகத் தொழில் செய்ய மாநிலப் பதிவும் மாநிலப் பூங்காத் துறையின் அனுமதியும் வேண்டும். ஆற்றின் உயிரியலையும் பாதுகாப்பையும் கற்றுத்தரும் தனிப் பயிற்சி ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். கீனாய் தேசிய வனவிலங்குக் காப்பகத்துக்குள் வரும் பகுதிக்குக் காப்பகத்தின் அனுமதி தனி. மேல் கீனாய் கைடுகளின் எண்ணிக்கை அதனால்தான் வரம்புக்குட்பட்டது. நல்லவர்களின் ஜூலை, செப்டம்பர் தேதிகள் குளிர்காலத்திலேயே நிரம்பிவிடும். ஜனவரியில் பேசத் தொடங்குவது நல்லது.

தொலைபேசியில் பேசும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. அன்று படகில் எத்தனை பேர்? ட்ரவுட்டுக்கு ஒரு படகில் இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் முழுக் கவனம் கிடைக்கும், மூவர் பரவாயில்லை, நால்வர் என்றால் தூண்டில் நரம்புகள் சிக்கிக்கொண்டே இருக்கும். அரசு திடீரென்று பருவத்தை மூடினால் முன்பணம் என்னவாகும்? இது கற்பனைக் கேள்வியல்ல. ஆற்றில் ஏறும் மீன் எண்ணிக்கையைப் பார்த்து, அவசர ஆணை மூலம் பருவத்தைத் திறப்பதும் மூடுவதும், ஒருவர் நாளுக்கு எத்தனை மீன் எடுக்கலாம் என்ற வரம்பைக் கூட்டுவதும் இங்கே ஒவ்வொரு கோடையிலும் நடப்பது. கோல், நரம்பு சுற்றும் ரீல், வேடர் எனப்படும் நீர் புகாக் காற்சட்டை, மீனை அறுத்துச் சுத்தம் செய்வது, இவையெல்லாம் கட்டணத்தில் அடங்குமா? கீழ் ஆற்றில் கைடு படகுகளுக்கு நாள், நேரக் கட்டுப்பாடுகள் இருப்பதால், நீங்கள் குறித்த கிழமை சரிதானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

முழு நாளுக்கு ஆளுக்கு 300 டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கைடுக்கு 15 முதல் 20 சதவீதம் வரை அன்பளிப்பு தருவது அங்குள்ள வழக்கம். ஒன்றுமே பிடிபடாத நாளில்தான் கைடு அதிகம் உழைத்திருப்பார், அதையும் நினைவில் வையுங்கள்.

ஒருவர் அனுபவமுள்ளவரா என்பதை அறிய நான் நம்பும் வழி, 'நான் முதல் தடவை வருகிறேன், எந்தத் தேதி நல்லது?' என்று கேட்பது. தனக்குக் காலியாக இருக்கும் தேதியை உடனே நீட்டுபவரைவிட, 'என்ன மீன் வேண்டும், நின்றுகொண்டு பிடிக்க முடியுமா, கூட யார் வருகிறார்கள்?' என்று திருப்பிக் கேட்பவரிடம் போங்கள்.

நான்காம் படி: உரிமம்

கைடு இருந்தாலும் உரிமம் உங்கள் பெயரில் வேண்டும். மீன் மற்றும் வேட்டைத் துறையின் இணையதளத்திலேயே வாங்கலாம். வெளியூர்க்காரருக்கு ஒரு நாளுக்கு 15 டாலர், 3 நாளுக்கு 30, 7 நாளுக்கு 45, 14 நாளுக்கு 75, ஆண்டு முழுவதற்கும் 100. இது நீண்ட நாளாக இருந்துவரும் விலை, வாங்கும்போது ஒருமுறை சரிபாருங்கள். 16 வயதுக்குட்பட்ட வெளியூர்ப் பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை. சாக்கைக்கு வழக்கமான வரம்பு நாளுக்கு 3. மீன் ஏராளமாக ஏறும் ஆண்டுகளில் அதை 6 ஆக்குவார்கள்.

துறை இன்னொரு பெரிய உதவியும் செய்கிறது. கடலிலிருந்து 19 மைல் மேலே ஆற்றுக்குள் ஒலியலையால் மீனைக் கண்டறியும் சோனார் கருவி வைத்து, ஏறும் சாக்கைகளை எண்ணி, அன்றாடம் இணையத்தில் வெளியிடுகிறது. எண் திடீரென்று பல்லாயிரமாக எகிறினால், சோல்டாட்னாவில் ஓரிரு நாளுக்குள் மீன் வந்துவிடும், கூப்பர் லேண்டிங்குக்கு இன்னும் சில நாளாகும். பயணத்துக்கு முந்தைய வாரம் காலையில் எழுந்ததும் இந்த எண்ணைப் பார்க்கத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: உடுப்பு

தண்ணீர் நடுக்கோடையிலும் பனியுருகிய தண்ணீர்தான். உள்ளே கம்பளி அல்லது சீக்கிரம் உலரும் செயற்கை இழை, மேலே மழைக்கோட்டு. பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். அது நீரைப் பார்ப்பதற்காக மட்டுமல்ல, சாக்கைத் தூண்டில் நழுவும்போது ஈயக்குண்டும் முள்ளும் முகத்தை நோக்கித் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் திரும்பி வரும், அதற்காகவும்.

ஆறாம் படி: கரையில் நின்று சாக்கை பிடித்தல்

கடலில் மிதவை நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று வளர்ந்த மீன் சாக்கை. ஆற்றுக்குள் வந்தபின் தின்பதையே நிறுத்திவிடும். ஆகவே இரையைக் காட்டி ஆசைகாட்ட முடியாது. வாயைத் திறந்து மூடியபடி ஓட்டத்தை எதிர்த்து வரிசையாக ஏறிவரும் மீனின் வாய்க்குள் நரம்பு புகுந்து, அதன் முனையில் உள்ள முள் வாயோரத்தில் ஏற வேண்டும். இந்த முறையின் இரகசியம் இவ்வளவுதான்.

சாக்கை நடு ஆற்றில் போவதில்லை. ஓட்டம் குறைவான கரையோரத்தை, பல சமயம் கரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள், தடவிக்கொண்டே ஏறும். புதியவர்கள் செய்யும் பெருந்தவறு இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்பது. மீன் போகும் பாதையில் நாமே நின்றுகொண்டு, மீன் இல்லாத இடத்தில் தூண்டில் போடுகிறோம். கணுக்கால், மிஞ்சினால் முழங்கால், அதற்கு மேல் இறங்காதீர்கள்.

நரம்பின் முனையில் ஒற்றை முள்ளில் கட்டிய எளிய ஃப்ளை, அதாவது இறகோ நூலோ சுற்றிய செயற்கைப் பூச்சி. அதற்கு மூன்று நான்கு அடி மேலே ஈயக்குண்டு. ரஷ்யன் ஆற்றுப் பகுதியில் ஃப்ளை மட்டுமே போடலாம். முள்ளின் இடைவெளி 3/8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, ஈயம் ஃப்ளைக்குக் குறைந்தது 18 அங்குலம் மேலே இருக்க வேண்டும். தூர வீசத் தேவையில்லை. கோலின் நீளத்தைவிடச் சற்று அதிகமாக நரம்பை விட்டு, மேலோட்டப் பக்கம், அதாவது தண்ணீர் வரும் திசையில், சாய்வாகத் தட்டிவிடுங்கள். ஈயம் அடியைத் தொட்டு, கூழாங்கற்களின் மேல் 'டிக், டிக்' என்று தட்டிக்கொண்டே உங்கள் முன்னால் கடந்து போக வேண்டும். தட்டவே இல்லையென்றால் ஈயம் போதாது, அப்படியே மாட்டி நிற்கிறது என்றால் அதிகம். கோல் முனை ஈயத்தைப் பின்தொடரட்டும், நரம்பு தொய்யக்கூடாது. கீழோட்டப் பக்கம் வந்து சேரும்போது கரையை நோக்கிச் சீராக ஓர் இழுப்பு, அதே அசைவில் மறுபடி மேலே தட்டல். தாளம் பிடிபட்டால் நிமிடத்துக்குப் பல தடவை போடலாம்.

தட்டுத் தட்டாக வந்தது சட்டென்று நின்றாலோ நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ அது மீன். மீன் மாட்டியதும் உரக்க 'ஃபிஷ் ஆன்' என்று குரல் கொடுங்கள், பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டி வழிவிடுவார்கள். தோளோடு தோள் உரசி நிற்கும் ஜூலைக் கூட்டத்தில் இந்த மரியாதைதான் சண்டையைத் தடுக்கிறது. கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்து, கரையை நோக்கிப் பின்னால் நடந்து மீனை ஆழமில்லாத இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் முதுகிலோ வாலிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் அந்த மீன் உங்களுடையதல்ல, உடனே விட வேண்டும். வாயில் ஏறியிருந்தால் மண்டையில் ஓர் அடி, பிறகு செவுளை அறுத்து ஓடும் தண்ணீரில் இரத்தத்தை வடிய விடுங்கள். வீட்டில் அந்த மீன் எப்படி ருசிக்கும் என்பது இந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிறது.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. சோல்டாட்னா பூங்காக்களில் கரையோரமாகக் கம்பிவலைப் பலகை நடைபாதைகளும், ஆற்றுக்குள் இறங்கப் படிகளும் போட்டிருப்பார்கள். சில கரைகளில் இறங்கவே தடை. சால்மன் குஞ்சுகள் வளர்வது கரையோரப் புல்லும் வேரும் தண்ணீரில் தொங்கும் நிழலில்தான். மிதிபட்டுக் கரை சரிந்தால் நாளைய மீன் இல்லை. படி இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

ஏழாம் படி: படகிலிருந்து ட்ரவுட்

இது வேறு உலகம், எனக்கு இதுதான் பிடித்தது. ஃப்ளை ராட் எனப்படும் ஃப்ளை வீசும் கோல், 7-ஆம் எண், பத்தடி நீளம், மேலே தக்கை, கொஞ்சம் ஈயம், கடைசியில் சால்மன் சினையைப் போன்ற ஒரு சிறு மணியும் வெறும் முள்ளும். மணி முள்ளுக்கு மேலே இரண்டு அங்குலத்துக்குள் நிற்க வேண்டும் என்பது மாநில விதி. ட்ரவுட் மணியைக் கவ்வியதும் முள் வாயின் வெளியோரத்தில் ஏறும், தொண்டைக்குள் போகாது.

சினையின் நிறமும் அளவும் வாரத்துக்கு வாரம் மாறும். முட்டையிட்ட உடன் தெளிந்த ஆரஞ்சாக இருப்பது, நாளாக ஆக வெளிறிப் பால்நிறமாகும். கைடிடம் பெட்டி நிறைய மணிகள் இருக்கும். அவர் ஒன்றை மாற்றி இன்னொன்றைக் கட்டிக்கொண்டே இருப்பது வேடிக்கைக்காக அல்ல. செப்டம்பர் முற்றியதும் மணியை விட்டு, அழுகிய சால்மன் சதையைப் போன்ற வெளிறிய ஃப்ளைக்கு மாறுவார்.

உங்கள் வேலை ஒன்றே ஒன்று. தக்கை, ஓட்டத்தின் வேகத்திலேயே, இழுபடாமல் மிதந்து வர வேண்டும். நிஜமான சினையை யாரும் நரம்பு கட்டி இழுப்பதில்லை. சற்று வேகமாகவோ மெதுவாகவோ போனால் கீனாய் ட்ரவுட் ஏமாறாது. கைடு துடுப்பைப் பின்னோக்கிப் போட்டுப் படகின் வேகத்தைத் தக்கையின் வேகத்துக்குச் சமன்படுத்துவார். நரம்பின் நடுப்பகுதி ஓட்டத்தில் வளைந்து தக்கையை இழுக்கத் தொடங்கினால், கோல் முனையால் நரம்பை மட்டும் தூக்கி மேலோட்டப் பக்கம் போடுங்கள். தக்கை அமிழ்ந்தாலும் தயங்கினாலும் உடனே கீழோட்டப் பக்கமாகக் கோலை வீசுங்கள். கல்லா மீனா என்று யோசித்தால் மீன் துப்பிவிட்டிருக்கும்.

மேல் கீனாய் கைடுகள் பிடித்த ட்ரவுட் அனைத்தையும் விட்டுவிடுவதே வழக்கம். முள்ளின் எதிர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். வலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். படம் எடுப்பதாக இருந்தால் கேமரா தயாரான பின் ஒரு நொடி தூக்கி, நீர் சொட்டுவது நிற்பதற்குள் இறக்கிவிடுங்கள். அந்த மீன் அடுத்த ஆண்டும் இதே வளைவில் நிற்கும்.

கரடி, குளிர், பனியேரி வெள்ளம்

ரஷ்யன் ஆறு கீனாயில் கலக்கும் இடத்துக்கு, நீரோட்ட விசையால் கம்பிவடத்தைப் பிடித்து ஓடும் தோணியில் போகலாம். அது டெனாய்னா பழங்குடியினர் ஆயிரமாண்டுகளுக்கு மேலாக மீன்பிடித்து வந்த நிலம். பழுப்புக் கரடிகளுக்கும் அதுவே சாப்பாட்டுக்கூடம். பை, உணவு, பிடித்த மீன் எல்லாம் மூன்றடிக்குள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கரடி வந்தால் நரம்பை அறுத்துவிட்டு ஒதுங்குங்கள், மாட்டிய மீனோடு போராடாதீர்கள். மீன் கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி வேகமான ஓட்டத்தில் எறியுங்கள். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

படகில் மிதவைச்சட்டையைக் கழற்றவே கழற்றாதீர்கள். அந்தக் குளிரில் விழுந்தால் மூச்சே திணறும், நீச்சல் தெரிந்தவருக்கும் கை கால் சில நிமிடங்களில் மரத்துவிடும்.

இலையுதிர் காலத்தில் போகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீனாய் ஏரிக்குள் வந்து விழும் ஸ்னோ ஆற்றின் தலைப்பில் பனியாறு அணைபோல் நின்று ஓர் ஏரியைத் தேக்கிவைக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீர் பனிக்கட்டிக்கு அடியில் வழி குடைந்து வெளியேறி, கீனாய் ஏரியை நிரப்பி, ஆற்றைப் பெருக்கெடுக்க வைக்கும். வெள்ளம் முதலில் கூப்பர் லேண்டிங்கில் தெரியும், சோல்டாட்னாவை எட்ட நாட்கள் ஆகும். அமெரிக்க வானிலைச் சேவை இதைக் கண்காணித்து எச்சரிக்கை விடுகிறது. அப்படி ஓர் ஆண்டு என்றால் தேதியை மாற்ற முடியுமா என்று கைடிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கடைசிப் படி: மீனை வீடு சேர்த்தல்

சோல்டாட்னாவிலும் கீனாயிலும் மீனைக் காற்று நீக்கிப் பொட்டலமிட்டு, உறைய வைத்து, மெழுகு பூசிய அட்டைப் பெட்டியில் அடைத்துத் தரும் கடைகள் உண்டு. ஜூலையில் வரிசை நீளும், ஆகவே கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே கொடுத்துவிட வேண்டும். 50 பவுண்டுக்குள் இருக்கும் பெட்டியைச் சாதாரணப் பயணப்பெட்டியாகவே விமானத்தில் ஏற்றலாம். பொட்டலங்களை ஒரு வேளைக்கு வேண்டிய அளவில் போடச் சொல்லுங்கள், தோலை நீக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குழம்பு வைக்கத் தலையும் நடுமுள்ளும் வேண்டும் என்பவர்கள் அதைக் கைடிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அறுக்கும் மேசையிலிருந்து நேராக ஆற்றுக்குப் போய்விடும்.